ஒரே போல்ட்டில் சுழன்று விரியும் சாப்பாட்டு மேசை: அளவு முதல் வார்னிஷ் வரை

விரியும் மேசை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு பலகையைச் செருகும் மேசைதான். அந்தச் செருகுபலகை எந்த மூலையில் இருக்கிறது என்று தேடி எடுப்பதற்குள் வந்தவர்கள் தட்டைக் கையில் ஏந்தியே சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

வேறு வழிகளும் உண்டு. பக்கத்தில் தொங்கும் பலகையைத் தூக்கி, கதவுபோல் திரும்பும் காலால் தாங்குவது ஒன்று. விரித்தபின் அந்தக் கால் யாராவது ஒருவரின் முழங்காலுக்கு நடுவே வந்து நிற்கும். அடியிலிருந்து பலகையை இழுத்தெடுக்கும் வகை 16-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. பார்க்க அழகு, ஆனால் சரிவான தாங்குகட்டைகளைப் பிசகாமல் செதுக்கும் கை வேண்டும். வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல மடிந்து அடியில் ஒளிந்துகொள்ளும் வகைக்கு நல்ல சறுக்குத் தண்டவாளங்களை வாங்கியே ஆகவேண்டும்.

நான் சொல்லப்போவது இன்னொன்று. ஒரே அளவில் இரண்டு பலகைகள், மூடிய புத்தகம்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கால் வட்டம் சுழற்றி, மேல்பலகையைப் புத்தக அட்டைபோலத் திறந்தால் மேசை இருமடங்காகும். தண்டவாளம் கிடையாது, தனியாக எடுத்து வைக்கும் பலகை கிடையாது, கூடுதல் கால் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளின் சீட்டாட்ட மேசைகள் பலவற்றில் இதே உத்தி இருந்தது. திறந்தால் உள்முகத்தில் பச்சைக் கம்பளித்துணி ஒட்டியிருக்கும்.

குறைகளையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிக்குமுன் மேசைமேல் இருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும். விரித்ததும் உயரம் ஒரு பலகைக் கனம் குறையும். இந்த இரண்டும் உங்களுக்குச் சரி என்றால் மேலே படியுங்கள்.

அளவு

மூடிய நிலையில் 100 × 80 செ.மீ., விரித்தால் 160 × 100 செ.மீ. இதுதான் நமது மேசை. ஒருவர் இடிபடாமல் சாப்பிட விளிம்பில் சுமார் 60 செ.மீ. வேண்டும். அந்தக் கணக்கில் மூடியபோது நாலு பேர், விரித்தபோது ஆறு பேர் தாராளமாக உட்காரலாம்.

உங்கள் இடத்துக்கு ஏற்ப அளவை மாற்றலாம். விதி எளிது: அகலம் இரட்டிப்பாகி நீளமாகும், பழைய நீளம் அகலமாகும். 120 × 60 வைத்தால் விரிந்து 120 × 120 சதுரமாகும். 90 × 90 வைத்தால் 180 × 90 கிடைக்கும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் விரித்த பலகை கால்களைத் தாண்டி இருபுறமும் அரை மீட்டருக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது ஓரத்தில் கையூன்றி எழுந்தால் மேசையும் கூடவே எழும். நமது 100 × 80-இல் இந்த நீட்டல் பக்கத்துக்கு 34 செ.மீ. அதற்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து.

அச்சு எங்கே?

இந்த மேசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் சாதாரணத் தச்சு வேலை. போல்ட்டை மேசையின் நட்டநடுவில் வைத்தால் சுழலும், ஆனால் விரித்ததும் பலகை முழுக்க ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். அச்சு நடுவிலிருந்து விலகியிருக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு எண் போதும்: அகலத்தில் கால் பங்கு. நமக்கு அது 20 செ.மீ.

மேசையின் நீளப்பக்கத்துக்கு எதிரே நில்லுங்கள். கீல் வரும் நீள விளிம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கீல் விளிம்பை நோக்கி 20 செ.மீ., அங்கிருந்து இடப்பக்கம் 20 செ.மீ. அதுதான் அச்சு. கடிகாரம் சுற்றும் திசையில் கால் வட்டம் திருப்பினால் கீல் விளிம்பு சரியாகச் சட்டத்தின் நடுக்கோட்டில் வந்து நிற்கும், இரட்டைப் பலகை முழுவதும் இடது பாதிக்குப் போயிருக்கும். மேல்பலகையைத் திறந்தால் வலது பாதி நிரம்பும். நீளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கால் பங்கு மாறாது. கணக்கில் வருவது அகலம் மட்டும்தான்.

நம்பிக்கை வராவிட்டால், வராமலிருப்பதே நல்லது, அட்டையில் செய்து பாருங்கள். 10 × 8 செ.மீ.யில் ஒரு துண்டு வெட்டுங்கள். அடியில் தாளில் அதே செவ்வகத்தை வரையுங்கள். நடுவிலிருந்து மேலே 2, இடப்பக்கம் 2 செ.மீ. தள்ளி ஒரு குண்டூசி குத்தி, வலஞ்சுழியாகத் திருப்புங்கள். அட்டையின் விளிம்பு செவ்வகத்தின் நடுக்கோட்டில் போய் உட்காருவதைப் பார்த்தால்தான் மனது ஒப்பும். ஐந்து நிமிட வேலை. மரத்தை வீணாக்குவதைவிட அட்டையை வீணாக்குவது மேல்.

மரம்

பலகைகளுக்கு 18 மி.மீ. பிளைவுட், விளிம்புக்குக் கடின மரத்தில் 8 மி.மீ. பீடிங், அதாவது விளிம்பை மறைக்க ஒட்டும் மெல்லிய மரக்கீற்று. முழு மரம்தான் வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. ஆனால் முழு மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும், 80 செ.மீ. அகலத்தில் அது சில மி.மீ. வரை போகும். சாதாரண மேசையில் அது யார் கண்ணுக்கும் படாது. இங்கே இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று விளிம்போடு விளிம்பாக நிற்க வேண்டும், திறந்தால் நடுவில் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். ஒன்று கொஞ்சம் வளைந்தாலும் உடனே தெரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் தரமான பிளைவுட்டில், நல்ல வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல்) இருபுறமும் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இருபுறமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூடியபோது தெரிவது மேல்பலகையின் வெளிமுகம், திறந்தபோது தெரிவது இரண்டு பலகைகளின் உள்முகங்கள். ஆக, நாலு முகங்களில் மூன்று முகம் சாப்பாட்டுத்தளம்.

8 × 4 அடி ஷீட் ஒன்று போதும். இரண்டு பலகைகளையும் ரேகை நீளவாக்கில் ஓடும்படி, ஷீட்டின் நீளத்தில் அடுத்தடுத்து வெட்டுங்கள். பீடிங்குக்கு இடம்விட்டு 98.4 × 78.4 செ.மீ. மிச்சத்தில் ஒரு குறுக்குப்பலகையும் (67.6 × 25 செ.மீ.) 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தட்டும் எடுத்துவிடலாம்.

சட்டத்துக்கும் காலுக்கும் முழு மரம். கால்கள் 6 × 6 செ.மீ. கனத்தில், 71.2 செ.மீ. உயரம். பக்கச்சட்டங்கள் 2.2 செ.மீ. கனம், 9 செ.மீ. உயரம். நீளச்சட்டம் 86 செ.மீ., குட்டைச்சட்டம் 66 செ.மீ., இரண்டிரண்டு. இதில் இரு முனையிலும் 3 செ.மீ. நாக்கு அடக்கம். கூட்டினால் சட்டத்தின் வெளியளவு 92 × 72 வரும். மூடிய மேசையின் உயரம் 75 செ.மீ. ஆகும். சட்டத்துக்கு அடியில் தொடைக்கு 62 செ.மீ. கிடைக்கும்.

சட்டம்

காலில் துளை, சட்டத்தின் முனையில் நாக்கு, மரப்பசை, கிளாம்ப். தெரிந்த வேலைதான் என்பதால் நீட்டவில்லை. இரண்டு விஷயம் மட்டும். சட்டத்தின் வெளிமுகம் காலின் வெளிமுகத்தோடு ஒரே மட்டமாக இருக்கட்டும், கீழே வரும் அளவுகளெல்லாம் அதை நம்பித்தான். இரண்டாவது, பசை காய்ந்ததும் மேல் விளிம்பு நாலையும் கால் தலைகளையும் சேர்த்து இழைப்புளியால் ஒரே மட்டமாக்குங்கள். ஒரு கால் தலை நூலளவு தூக்கியிருந்தாலும் சுழலும் பலகையின் அடியில் வில்போல் ஒரு கீறல் விழும்.

மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டும் ஒரே நீளம்தானா என்று பாருங்கள். நூல்கள் வெட்டும் இடமே சட்டத்தின் நடுப்புள்ளி. இனி எல்லா அளவும் அங்கிருந்துதான்.

குறுக்குப்பலகை

அச்சைத் தாங்கப்போவது இது. இரண்டு நீளச்சட்டங்களின் உள்பக்கத்திலும் ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் குறுக்குப்பலகையை வைத்து ஸ்குரூ போடுங்கள். பலகையின் நடுக்கோடு மேசையின் நடுவிலிருந்து 20 செ.மீ. இடப்பக்கம் வர வேண்டும். அதன் மேல்முகம் சட்டத்தின் மேல் விளிம்பைவிட 19 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். ஏன் 19? மேலே வட்டத்தட்டு 18 மி.மீ., வாஷர் 2, மொத்தம் 20. சட்டத்தின்மேல் ஒட்டப்போகும் ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித்துணி) 2 மி.மீ. பலகையைத் தூக்கிக்கொடுக்கும், ஆக 18 போதும். மிச்சம் ஒரு மில்லிமீட்டர் மெல்லிய வாஷர் சேர்த்துச் சரிசெய்யத்தான்.

அச்சுப்புள்ளியைக் குறித்து 10 மி.மீ. துளை போடுங்கள். டிரில் சாயாமல் நேராக இறங்க வேண்டும்.

இப்போது கீழ்ப்பலகையின் அடியில் அதே புள்ளியைக் குறிக்க வேண்டும். நான் முதல் மேசையில் சறுக்கியது இங்கேதான். பலகையைக் குப்புறப் போட்டு, அதே 20, அதே இடப்பக்கம் என்று அளந்து குறித்தேன். குப்புறப் போட்டால் இடது வலதாகிவிடும் என்பது உறைக்கவில்லை. எல்லாம் பூட்டி மூடிப் பார்த்தபோது பலகை சட்டத்தைவிட்டு ஒரு பக்கமாக 40 செ.மீ. வெளியே நின்றது. அன்றிலிருந்து இந்த இடத்தில் நான் அளப்பதே இல்லை. பலகையை மூடிய நிலையில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே சட்டத்தின்மேல் வைத்து, நாலு பக்கமும் 4 செ.மீ. சமமாக நீட்டுகிறதா என்று பார்த்து, கிளாம்ப் போட்டுவிட்டு, அடியில் படுத்து, துளை வழியாக டிரில் முனையால் ஒரு புள்ளி குத்துகிறேன். தப்பவே வழியில்லை.

வட்டத்தட்டும் போல்ட்டும்

போல்ட்டைக் கீழ்ப்பலகையின் குறுக்கே நேராக இறக்க முடியாது. இறக்கினால் அதன் தலை சாப்பாட்டுத்தளத்தின் நடுவில் வந்து முழிக்கும். அதற்காகத்தான் இந்த வட்டத்தட்டு. தட்டின் மையத்தில் 10 மி.மீ. துளை. மேல்முகத்தில் போல்ட் தலை முழுதாகப் புதையும்படி ஒரு குழி. எம்10 அளவில் 70 மி.மீ. நீளமான, வட்டத்தலையும் அதன்கீழ் சதுரக் கழுத்தும் உள்ள போல்ட்டை மேலிருந்து அடித்து இறக்குங்கள். சதுரக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும், பிறகு நட்டை முடுக்கும்போது போல்ட் கூடவே சுற்றாது.

இதைக் கீழ்ப்பலகையின் அடியில், குத்திய புள்ளி மையமாக வரும்படி, பசையும் எட்டு ஸ்குரூவும் போட்டு இறுக்குங்கள். புள்ளி தட்டுக்கு அடியில் மறைந்துவிடும் என்பதால், முதலில் அதை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொண்டால் தட்டு எங்கே உட்கார வேண்டும் என்ற சந்தேகம் வராது. ஸ்குரூ 30 மி.மீ. நீளம், அதற்கு மேல் கூடாது. தட்டு 18, மீதி 12 பலகைக்குள். பெட்டியில் 35 மி.மீ. ஸ்குரூ ஒன்று கலந்திருந்தால் போதும், அதன் முனை மேல்முக வெனீரை அடியிலிருந்து தள்ளி ஒரு பரு எழுப்பிவிடும். தேய்த்தால் வெனீர் கிழியும், விட்டால் கைபடும்போதெல்லாம் உறுத்தும். எட்டையும் வரிசையாக நிறுத்தி ஒரே உயரமா என்று பார்த்துவிட்டே திருகுங்கள். டிரில் பிட்டில் 28 மி.மீ. ஆழத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

கீல்

கதவுக்குப் போடும் சாதாரணக் கீல் இங்கே ஆகாது. அதன் உருளை மேசையின்மேல் துருத்திக்கொண்டு நிற்கும். கடைகளின் கவுண்டரில் தூக்கித் திறக்கும் பலகைக்குப் போடுவார்களே, அந்தக் கவுண்டர் ஃப்ளாப் கீல் வேண்டும். இரண்டு தகடு, நடுவில் ஒரு சிறு இணைப்பு, இரண்டு ஊசி. விரித்தால் மேல்முகத்தோடு மட்டம், மடித்தால் முகத்தோடு முகம் படியும். மூன்று போதும்: இரு முனையிலிருந்தும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.

முதலில் பீடிங்கை நாலு விளிம்பிலும் ஒட்டி மட்டமாக்கிவிடுங்கள். கீல் விளிம்பு இரண்டையும் நேராக இழைத்து, சேர்த்து வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒளிக்கீற்று எங்கும் தெரியக்கூடாது. இந்த விளிம்பின் கீழ்முனையை அழகுக்காகக்கூடச் சரித்துவிடாதீர்கள். விரித்த மேசையின் ஓரத்தில் ஒருவர் கையை அழுத்தும்போது நடுப்பகுதி மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது கீழ்முனைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதுதான். கீல் மேலே இழுத்துப் பிடிக்கிறது, விளிம்பு கீழே முட்டுகிறது, இரண்டும் சேர்ந்தால் இரு பலகையும் ஒரே பலகைபோல நிற்கும். அதைச் சரித்தால் நடுவில் கூரை முகடுபோலத் தூக்கும்.

உள்முகம் மேலே வரும்படி இரண்டையும் சமதளத்தில் பரப்பி, இறுக்கிக் கிளாம்ப் போட்டு, கீலை வைத்துக் கத்தி முனையால் சுற்றி வரையுங்கள். பென்சில் கோடு தடிமன், அந்தத் தடிமனே இடைவெளியாகத் தெரியும். தகட்டின் கனத்துக்குக் குழி எடுங்கள். நடு இணைப்பு வரும் இடத்தில் இன்னும் ஆழம் தேவைப்படும், கீலைத் திருப்பிப் பார்த்தாலே எவ்வளவு என்று தெரியும். குழி குறைந்தால் இன்னொரு சீவல் எடுக்கலாம். கூடிப்போனால் அடியில் வெனீர் துண்டு வைத்து ஏமாற்ற வேண்டியதுதான்.

ஸ்குரூ பித்தளையாக இருந்தால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஏற்றி இறக்கி வழிசெய்துவிட்டு, பிறகு பித்தளையை மெழுகு தடவி ஏற்றுங்கள். நேரடியாக ஏற்றினால் தலை திருகிக்கொண்டு கையோடு வந்துவிடும். தகட்டுக்கு ஒரு ஸ்குரூ மட்டும் போட்டு மடித்துப் பாருங்கள், விளிம்புகள் ஒத்துப்போனால் மீதியைப் போடலாம்.

பூட்டுவதும் நிறுத்துவதும்

சட்டத்தின் மேல் விளிம்பில் 2 மி.மீ. ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். பலகையை இறக்கும்போது போல்ட் குறுக்குப்பலகைத் துளையில் இறங்கும், இடையில் பெரிய வாஷர் இருக்க வேண்டும். அடியில் இன்னொரு வாஷர், பிறகு உள்ளே நைலான் வளையமுள்ள நட். எவ்வளவு இறுக்குவது? பலகைக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுங்கள். தாள் உரசிக்கொண்டே வர வேண்டும். கிழிந்தால் இறுக்கம் அதிகம், வழுக்கிக்கொண்டு வந்தால் மேசை ஆடும். அச்சுக்கு அருகில் மட்டும் கிழிகிறதென்றால் தட்டுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று சேருங்கள்.

சரி, சுழல்கிறது. எங்கே நிற்பது? கண்ணால் பார்த்து நிறுத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கோணல்மாணலாக நிற்கும். இதற்கு ஒரே ஒரு தடுப்பு முளை போதும், அது இரண்டு நிலையிலும் வேலை செய்யும். 3 செ.மீ. விட்டத்தில் 15 மி.மீ. உயரமான ஒரு மரவட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் மேசையின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்தை நோக்கி 32.3 செ.மீ., வலப்பக்கம் அதே 32.3 செ.மீ. அந்த இடத்தில் கீழ்ப்பலகையின் அடியில் இது வர வேண்டும். மூடியபோது எதிர்ப்பக்க நீளச்சட்டத்தின் உள்முகத்தில் முட்டும். கால் வட்டம் சுழன்றதும் உங்கள் பக்கத்து நீளச்சட்டத்தில் போய் முட்டும். இதைவிட ரொம்ப உயரம் வைத்தால் போகும் வழியில் குறுக்குப்பலகையில் இடிக்கும்.

வட்டுக்கு ஸ்குரூ துளையை மையத்தில் போடாமல் 2 மி.மீ. தள்ளிப் போடுங்கள். அப்போது வட்டைத் திருகியே முன்பின் சரிசெய்யலாம். ஒரு நிலை சரியாகி இன்னொன்று பிசகினால், பிசகும் பக்கச் சட்டத்தில் வெனீர் துண்டு ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது.

சட்டத்துக்குள் வலது பாதி காலியாக இருக்கும். அடியில் 6 மி.மீ. பிளைவுட் அடித்தால் அது ஒரு ரகசியப் பெட்டி. விரிப்புகள், கரண்டிகள் வைக்கலாம், முளை உரசாத உயரத்துக்கு மட்டும்.

பூச்சு

கீல், நட், முளை எல்லாவற்றையும் கழற்றுங்கள். 120, 180, 220 என்று உப்புத்தாள் ஏறுமுகமாக. வெனீர் மெல்லியது, மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பாலியூரிதீன் வார்னிஷ் மூன்று கோட், நடுவே 320-ஆல் லேசான தேய்ப்பு. கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்துக்கும் அதே மூன்று கோட். ஒரு முகம் ஈரம் குடித்து மறுமுகம் குடிக்காவிட்டால் பிளைவுட்டும் வளையும்.

இங்கே அவசரப்படாதீர்கள். வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும். முழுதாக இறுகுவது வேறு, அதற்குப் பல நாள் ஆகும், டப்பாவில் போட்டிருக்கும். அதற்குள் இரண்டு உள்முகங்களையும் சேர்த்து மூடினால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் தோல் இன்னொன்றோடு போகும். இறுகியபின்னும் மூலைகளில் மெல்லிய ஃபெல்ட் பொட்டு வைத்துவிடுங்கள்.

விரிக்கும் முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை. சுழற்றிவிட்டு இன்னும் திறக்காமல் இருக்கும் அந்த நொடியில், இரண்டு பலகைகளின் எடையும் இடது பாதியில் இருக்கிறது. தானாகச் சாயாது, ஆனால் அப்போது யாரும் அந்த ஓரத்தில் கையூன்றக்கூடாது. நீங்கள் முன்பக்கம் நின்று, மேல்பலகையின் இடது விளிம்பைப் பிடித்துத் தூக்கி வலப்பக்கமாகத் திறந்து இறக்குங்கள். குழந்தைகள் விரலை நடுவில் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் நிற்கட்டும். முதல் சில மாதங்களில் ஃபெல்ட் அமுங்கும், பலகை லேசாக ஆட ஆரம்பிக்கும். அடியில் போய் நட்டை அரைச் சுற்று முடுக்கி, மறுபடி அந்தத் தாளைச் செருகிப் பாருங்கள்.